குறைந்த செலவில் மின்சார ஆர்சி விமானம்: என் முதல் விமானம் ஏன் எழும்பவில்லை?

#1 சிறகுமுளைத்தவன்

எல்லோருக்கும் வணக்கம். நாலு மாதம் காசு சேர்த்து, ஆறு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, ரேடியோவில் இயக்கும் ஒரு சின்ன ஆர்சி விமானம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீசினேன். மொத்தம் நாலு விநாடிதான். கையை விட்டதும் மூக்கைத் தூக்கியது, இடப்பக்கம் சாய்ந்தது, அப்படியே தரையில் குத்தியது. மோட்டார் மவுண்ட் பிய்ந்துவிட்டது. இடது இறக்கை நடுவில் முறிந்து, மேல்காகிதம் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

விவரம் சொல்கிறேன். 5 மி.மீ. ஃபோம் போர்டு. இறக்கை நீளம் 100 செ.மீ., அகலம் 20 செ.மீ., நேர் செவ்வகம். 2212 அளவு 1000 கேவி (வோல்ட்டுக்கு 1000 சுற்று) மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்த 30 ஆம்பியர் ஈஎஸ்சி, 3 செல் 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி, 8×4 ப்ராப் (8 அங்குல விட்டம், 4 அங்குல பிட்ச் உள்ள விசிறி), வால், இறக்கைத் தகடுகளை அசைக்க 9 கிராம் சர்வோ நாலு. பக்கவாட்டில் சாய்க்க இறக்கையில் எய்லெரான், மூக்கை ஏற்றி இறக்க வாலில் எலிவேட்டர், இடம் வலம் திருப்ப ரடர், எல்லாம் உண்டு.

கையில் இன்னும் ஒரு மோட்டார் வாங்கும் அளவுக்குத்தான் காசு இருக்கிறது. பெரிய மோட்டார் போட்டால் எழும்புமா? இல்லை, முதலிலேயே ரெடிமேட் வாங்கியிருக்க வேண்டுமா?

#2 வாட்மீட்டர்

தம்பி, இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். இரண்டு அளவு மட்டும் சொல்லுங்கள். பேட்டரியோடு சேர்த்து மொத்த எடை எவ்வளவு? இறக்கையின் முன்விளிம்பிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்கிறது?

#3 சிறகுமுளைத்தவன்

முறிந்ததை டேப் போட்டு ஒட்டி, சமையலறைத் தராசில் வைத்தேன். 940 கிராம். சமநிலைப் புள்ளி முன்விளிம்பிலிருந்து 9 செ.மீ. வீசுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் பார்க்கவில்லை அண்ணா. வரைபடத்தில் எங்கே பேட்டரி போட்டிருந்ததோ அங்கேயே வைத்தேன்.

#4 வாட்மீட்டர்

சரி, காரணம் கிடைத்துவிட்டது.

முதலில் அந்த 9 செ.மீ. உங்கள் இறக்கை அகலம் 20. அப்படியென்றால் ஈர்ப்பு மையம் 45 சதவீதத்தில் இருக்கிறது. இதுபோன்ற சாதாரண விமானத்துக்கு 25 முதல் 30 சதவீதம், அதாவது 5 முதல் 6 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். வால் கனத்தால் மூக்கு தானாகத் தூக்கும். மூக்கு தூக்கினால் வேகம் செத்துப்போகும். வேகம் செத்தால் இறக்கை காற்றைப் பிடிக்காது, அதுதான் ஸ்டால். அந்த நேரத்தில் ப்ராப்பின் எதிர்ச்சுழற்சி விமானத்தை இடப்பக்கம் உருட்டும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று நிகழ்வும் அதே வரிசையில் நடந்திருக்கின்றன. எந்த மோட்டார் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

இரண்டாவது எடை. உங்கள் இறக்கைப் பரப்பு 20 சதுர டெசிமீட்டர். 940ஐ 20ஆல் வகுத்தால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 47 கிராம். பழகியவர் ஓட்டினால் பறக்கும். முதல்முறை ஓட்டுபவருக்கு 30 பக்கம் இருந்தால்தான் யோசிக்க நேரம் கிடைக்கும். ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு ஏறும். தோராயமாகக் கணக்குப் போட்டேன்: 940 கிராமில் மணிக்கு 31 கி.மீ., 600 கிராம் அளவில் 25 கி.மீ. கையால் மட்டமாகத் தள்ளிவிடும்போது 20, 25 கி.மீ. வேகம் கிடைத்தாலே பெரிது. ஆக, உங்கள் விமானம் கையை விட்டு விலகும்போதே ஸ்டால் வேகத்துக்குக் கீழே இருந்தது.

அந்த ஆறு கி.மீ. சின்ன வித்தியாசம்போலத் தெரியும். ஆனால் விழும்போது தரையில் இடிக்கும் ஆற்றல் எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதி. 940 கிராம் விமானம் ஸ்டால் வேகத்தில் மோதினால் சுமார் 35 ஜூல், 600 கிராம் விமானம் மோதினால் சுமார் 15 ஜூல். பாதிக்கும் குறைவு. எடை குறைந்தால் பறப்பதும் சுலபம், விழுந்தால் பிழைப்பதும் சுலபம். காசு குறைவாக இருப்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான், ஏனென்றால் எடையைக் குறைக்கக் காசு வேண்டாம்.

மூன்றாவது ப்ராப். அந்த மோட்டாருக்கு 8×4 போட்டால் பாதி வேலைதான் வாங்குகிறீர்கள். என்னிடம் அதே அளவு மோட்டார் இருக்கிறது. மேசையில் கட்டி அளந்தபோது 8×4இல் சுமார் 83 வாட், 480 கிராம் இழுவை. 10×4.5 போட்டதும் 158 வாட், 820 கிராம் இழுவை. மோட்டார் அதேதான், மாற்றியது வெறும் பிளாஸ்டிக் துண்டு. நிதானமான பயிற்சி விமானத்துக்கு கிலோவுக்கு 150 வாட் என்று வைத்துக்கொள்வது வழக்கம். உங்களுடையது 88இல் நிற்கிறது.

10 அங்குல ப்ராப்பை மாட்டியதும் ஆம்பியரை அளந்துவிடுங்கள். எனக்கு 14.5 வந்தது, உங்கள் ஈஎஸ்சிக்குத் தாராளம். ஆனால் முழு த்ராட்டிலிலேயே, அதாவது மோட்டாருக்கு முழு வேகம் கொடுத்தே, ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சின்ன மோட்டார் கொதிக்கும். மேலே ஏறியதும் பாதிக்கு இறக்கிவிடுங்கள்.

#5 ஃபோம்காரன்

வாட்மீட்டர் அண்ணன் சொன்னதற்குப் பிறகு மோட்டார் பேச்சே வேண்டாம். எனக்கு ஒரே சந்தேகம்தான். மோட்டார் மவுண்டோடு 60, ஈஎஸ்சி 28, பேட்டரி 180, சர்வோ நாலும் 40, சிக்னல் வாங்கும் ரிசீவர் 15, ப்ராப் 10. கூட்டினால் 333. மீதி 607 கிராம் வெறும் உடம்பா? ஒரு மீட்டர் விமானத்துக்கு 300, 350 போதும். அந்த 250 கிராம் எங்கே ஒளிந்திருக்கிறது? எத்தனை ஹாட் க்ளூ குச்சி போனது? பெயின்ட் அடித்தீர்களா?

#6 சிறகுமுளைத்தவன்

எனாமல் பெயின்ட், இரண்டு கோட். வால் பகுதிக்குச் சிவப்பு மூன்று கோட். க்ளூ குச்சி ஏழு. பெரிய க்ளூ துப்பாக்கிக்குப் போடும் தடிமனான குச்சி.

#7 ஃபோம்காரன்

கிடைத்துவிட்டது! மிச்சமிருக்கும் குச்சி ஒன்றைத் தராசில் வையுங்கள். 11 மி.மீ. தடிப்பு, 20 செ.மீ. நீளக் குச்சி ஒன்று 18 கிராம் வரும். ஏழு என்றால் 126 கிராம். பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு எடையைப் பசையாகப் பூசியிருக்கிறீர்கள்.

பசை போடும் முறையைச் சொல்கிறேன், இதை யாராவது எனக்கு முதலிலேயே காட்டியிருந்தால் என் மூன்று விமானம் தப்பியிருக்கும். துப்பாக்கி நன்றாகச் சூடாகும்வரை காத்திருங்கள். பசை தண்ணீர்போல ஓட வேண்டும். மூட்டில் ஒரே ஒரு மெல்லிய கோடு இழுத்து, உடனே இரண்டு பக்கத்தையும் அழுத்தி, பிதுங்கி வருவதை ஒரு துண்டு அட்டையால் வழித்து எடுங்கள். வழித்த அட்டையில் எவ்வளவு பசை சேர்கிறது என்று பாருங்கள். அவ்வளவும் விமானத்தில் தேவையில்லாமல் ஏறியிருக்கும் எடை. சூடு பத்தாத துப்பாக்கியில் பசை கட்டி கட்டியாக வரும். அது ஒட்டவும் ஒட்டாது, எடையும் ஏற்றும். இறக்கையின் மடிப்பு மாதிரி நீளமான மூட்டுக்கு ஃபோமுக்கென்று வரும் கரைப்பான் பசையைப் பயன்படுத்துங்கள். இரண்டு பக்கமும் மெல்லத் தடவி, காயவிட்டு, பிறகு ஒட்ட வேண்டும். சாதாரண சூப்பர் க்ளூவைத் தெர்மோகோல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தின்றுவிடும்.

பெயின்ட் வேண்டாம். நிறம் கட்டாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் வானத்தில் மேல்பக்கம் எது, கீழ்பக்கம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. நிற டேப்பில் கீழ்ப்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை, மேல்பக்கம் ஒரு பளிச் நிறம். சில கிராமில் வேலை முடிந்தது.

வாலில் மூன்று கோட் என்றீர்களே, அதுதான் உங்கள் ஈர்ப்பு மையத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வால் இறக்கையிலிருந்து 55 செ.மீ. தள்ளி, பேட்டரி 20 செ.மீ. முன்னால் என்று வைத்துக்கொண்டால், வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் கிட்டத்தட்ட 2.75 கிராம் போட வேண்டும். வாலில் 20 கிராம் மிச்சம் பிடித்தால் மூக்கில் 55 கிராமும் சேர்ந்து மிச்சம்.

#8 தாழப்பறப்பவள்

தம்பி, நான் வேறு ஒரு பக்கத்திலிருந்து பேசுகிறேன். முதல் விமானத்துக்கு எய்லெரான் எதற்கு?

இறக்கையை நடுவில் வெட்டி, இரண்டு நுனியும் மேலே தூக்கினாற்போல ஒட்டுங்கள். டைஹெட்ரல். மீட்டர் இறக்கைக்கு ஒவ்வொரு நுனியும் 6 செ.மீ. உயரம் இருந்தால் ரடர் மட்டும் போதும். ரடரைத் திருப்பினால் விமானம் தானே சாய்ந்து வளையும். கையிலிருக்கும் ட்ரான்ஸ்மிட்டரின் குச்சியை விட்டால் தானே நிமிரும். பதற்றத்தில் விரலை எடுத்துவிட்டால்கூட விமானம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். முதல் இருபது பறப்புக்கு இது உயிர்காக்கும். இரண்டு சர்வோவும் மிச்சம், அதாவது 20 கிராமும் மிச்சம், விழும்போது உள்ளே பல்சக்கரம் உடைய இரண்டு சர்வோ குறைவு.

நான் 3 சேனல் (மோட்டார், எலிவேட்டர், ரடர் மட்டும்) விமானத்தில்தான் கற்றேன். ஆறு மாதம் அதே விமானம். மூக்கை மூன்று தடவை மாற்றினேன், மற்றதெல்லாம் அதே உடம்பு. இன்றைக்கும் காற்று அடங்கிய மாலையில் அதைத்தான் முதலில் எடுப்பேன். புல்லுக்கு மேல் இடுப்பு உயரத்தில் மெல்ல ஊர்ந்து போகும்போது ப்ராப் சத்தம்கூடக் கேட்காது, இறக்கையில் காற்று உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் இன்னும் பறக்கவிடுகிறேன்.

அப்புறம் சிமுலேட்டர். பிக்காசிம் என்று இலவசமாகவே கிடைக்கிறது. ட்ரான்ஸ்மிட்டரை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்துப் பத்து மணி நேரம் ஓட்டுங்கள். அதில் ஒன்றை மட்டும் குறிவைத்துப் பழகுங்கள்: விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும். நிறையப் பேர் உடைப்பது அங்கேதான். எனக்கு உதவிய வழி, எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுவது. தாழும் இறக்கைக்குக் குச்சியால் முட்டுக்கொடுப்பதுபோல நினைத்துக்கொள்வேன். எதிரே வரும்போது மட்டும் இப்படி.

#9 காற்றுத்திசை

எல்லோரும் செய்யச் சொல்கிறார்கள், நான் கொஞ்சம் மறுக்கிறேன். ஆறு வாரம் உழைத்து நாலு விநாடியில் உடைந்தால் மனசும் உடையும். வார்ப்பில் வரும் ஈபிஓ என்ற வகை ஃபோம் விமானம், பழையது ஒன்று கிடைத்தால் வாங்கிவிடலாம். சமநிலை, கோணம் எல்லாம் ஏற்கெனவே சரியாக இருக்கும். பறக்கக் கற்றுக்கொண்ட பிறகு கட்டலாமே?

இன்னொன்று. பேட்டரிக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் பழைய லேப்டாப் 18650 செல் மூன்றைத் தொடராகப் போடலாமா? சும்மா கிடைக்கும்.

#10 வாட்மீட்டர்

இரண்டாவதற்கு முதலில். லேப்டாப் செல் வேண்டாம். 18650 ஒன்று சுமார் 45 கிராம், எடை பரவாயில்லை. ஆனால் லேப்டாப்புக்கு வரும் செல்கள் மெதுவாகக் கொடுக்கவே செய்யப்பட்டவை, அவற்றின் எல்லை பெரும்பாலும் 2 சி பக்கம், அதாவது கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு ஆம்பியர். 2.2 ஆம்பியர் மணி செல் என்றால் நாலரை ஆம்பியர். நமக்கு வேண்டியது 14.5. த்ராட்டிலைக் கொடுத்த மறு விநாடி வோல்டேஜ் சரியும், ஈஎஸ்சி மோட்டாரை வெட்டும், செல் சூடாகும். அவற்றை ட்ரான்ஸ்மிட்டருக்குப் போடுங்கள், அங்கே ஓடுவது கால் ஆம்பியர்கூட இருக்காது, மாதக்கணக்கில் உழைக்கும். 15 ஆம்பியருக்கு மேல் தாங்கும் 18650, 21700 வகைகளும் உண்டு, நீண்ட நேரம் மிதக்கும் விமானத்துக்கு அவை அருமை. அவை வேறு சாதி.

உங்கள் முதல் கேள்வி நியாயமானது. ஆனால் ரெடிமேட் விமானத்தின் மூக்கு உடைந்தால் அதற்கென்று வரும் உதிரிப் பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். தானே வெட்டி ஒட்டியவருக்கு அன்றைக்கு மாலையே அடுத்த மூக்கு தயார்.

#11 பால்சாதாத்தா

வாட்மீட்டர் சொன்னது சரி. நான் இலேசான பால்சா மரத்தில் விமானம் செய்து வளர்ந்தவன், ஃபோமைப் பார்த்து முகம் சுளித்தவன். ஆனால் கற்றுக்கொள்பவருக்கு ஃபோம்தான். பால்சாவில் இறக்கையின் ஒரு விலாச் சட்டம் முறிந்தால் மேல் படலத்தைக் கிழித்து, ஒட்டி, மறுபடி போர்த்த வேண்டும். அதற்கு ஒரு வாரம்.

பசங்களுக்கு ஒரு பழைய கதை. மின்சார ஆர்சி விமானம் புதிது என்று நினைக்கிறார்கள். 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் ரேடியோ குயீன் என்ற மாதிரி விமானத்தை வெள்ளி-துத்தநாக பேட்டரியில் பறக்கவிட்டார். மின்சார ஆர்சி பறப்பாகப் பதிவான முதல் பறப்பு அது. பிறகு ஏன் அத்தனை காலம் எல்லோரும் எண்ணெய் எஞ்சினிலேயே கிடந்தோம்? எடைதான். எங்கள் காலத்து நிக்கல் காட்மியம் சப்-சி அளவு செல் ஒன்று 50 கிராமுக்கு மேல், கொடுப்பது 1.2 வோல்ட். 12 வோல்ட்டுக்குப் பத்து செல், அரைக் கிலோ பேட்டரி மட்டுமே! இந்தப் பையனின் 180 கிராம் லைப்போவில் 24 வாட் மணி இருக்கிறது. எங்கள் அரைக் கிலோவில் அவ்வளவு இல்லை.

அந்த அரைக் கிலோவைத் தூக்கிப் பறக்க நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? விமானத்தின் ஒவ்வொரு துண்டையும் தராசில் வைத்தோம். இரண்டு பால்சா பலகை ஒரே அளவாக இருக்கும், ஒன்றின் எடை மற்றதைப்போல இரு மடங்கு வரும். கடைக்காரர் பொறுமை இழக்கும்வரை பொறுக்கி, இலேசானதை வாலுக்கு வைப்போம். ஃபோம் பலகையிலும் அப்படிச் செய்யுங்கள். காகிதம் ஒட்டிய பலகை, காகிதம் இல்லாதது, இரண்டையும் ஒரே அளவில் வெட்டி எடை போட்டுப் பாருங்கள். வாலுக்குக் காகிதத்தை உரித்துவிட்டு, நடுவில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைப் பதித்தால் விறைப்பும் இருக்கும், எடையும் போகும்.

#12 ஃபோம்காரன்

ஐயா சொன்ன காகிதம் உரிக்கும் வேலைக்கு ஒரு துணுக்கு: ஈரத் துணியால் துடைத்து ஐந்து நிமிடம் விடுங்கள், காகிதம் தோல்போல உரிந்து வரும். வெறும் கையால் இழுத்தால் ஃபோமும் சேர்ந்து பிய்யும்.

இறக்கைக்கு வளைவு செய்யச் சிரமப்பட வேண்டாம். கேஎஃப்எம் முறை இருக்கிறது. தட்டையான பலகை ஒன்று, அதன் மேல் முன்பாதியில் இன்னொரு பலகை. மேலே 50 சதவீதத்தில் ஒரு படி நிற்கும். இதைக் கேஎஃப்எம்2 என்போம். க்ளைன், ஃபோகல்மன் என்ற இருவர் காகித விமானத்தில் கண்டுபிடித்து 1972இல் காப்புரிமை பெற்ற படி இறக்கை அது. பெரிய விமானங்களுக்குச் சரிவரவில்லை. நம்முடைய சிறிய, மெதுவான விமானத்துக்கு நன்றாக வேலை செய்கிறது, ஸ்டால் மென்மையாக வருகிறது. இரட்டைப் பலகையால் விறைப்பும் கிடைக்கும். இரண்டு பலகைக்கும் நடுவே ஒரு கார்பன் குழாய், இல்லையென்றால் நேரான மூங்கில் பட்டை.

கையில் இருப்பதிலேயே முடியும் வேலைகள் இன்னும் உண்டு. காலாவதியான பிளாஸ்டிக் அட்டையில் கன்ட்ரோல் ஹார்ன் (அசையும் தகட்டில் ஒட்டும் கொம்பு). சர்வோவையும் அந்தக் கொம்பையும் இணைக்க 1 மி.மீ. எஃகுக் கம்பியில் புஷ்ராட், நுனியில் இசட் எழுத்துப்போல வளைவு. துளையை மட்டும் கம்பிக்குச் சரியாகப் போடுங்கள். துளை தளர்ந்தால் எலிவேட்டர் இரண்டு மி.மீ. தன்னிஷ்டத்துக்கு ஆடும், ட்ரான்ஸ்மிட்டரில் எத்தனை ட்ரிம் (நடுநிலையைச் சரிசெய்யும் சின்னத் திருத்தம்) போட்டாலும் நேராகப் போகாது.

#13 தாழப்பறப்பவள்

செலவு பற்றி யாரும் நேராகப் பேசவில்லை, நான் சொல்கிறேன். இருக்கிற காசில் பாதிக்கு மேல் ட்ரான்ஸ்மிட்டருக்கும், எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜருக்கும் போக வேண்டும். விமானம் விழும், இவை இரண்டும் தரையில் உங்களிடமே இருக்கும். பத்து விமானத்துக்கு உழைக்கும். ட்ரான்ஸ்மிட்டர் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு விமானத்தின் அமைப்பையும் சேமிக்கும் மாடல் நினைவகமும், சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃபும் இருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் போன்ற திறந்த மூல ரேடியோ முறையில் ரிசீவர்கள் இலேசாகவும் மலிவாகவும் கிடைக்கின்றன.

ஃபெயில்சேஃபை அமைத்துவிட்டு, ப்ராப்பைக் கழற்றி, ட்ரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நான் அதைச் சோதிக்காமல் விட்ட ஒரு நாள், சிக்னல் போனதும் ரிசீவர் கடைசியாக வாங்கிய த்ராட்டிலையே பிடித்துக்கொண்டது. விமானம் முக்கால் வேகத்தில் நேராகப் போய் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. இரண்டு நாள் தேடினேன். அங்கே ஒரு ஆள் நின்றிருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

#14 வாட்மீட்டர்

அக்கா சொன்னதோடு லைப்போவையும் சேர்த்துவிடுகிறேன். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. செல்லுக்கு 4.2 வோல்ட் நிரம்பிய நிலை, அதற்கு மேல் போகக் கூடாது. பறந்து இறங்கியபின் 3.7க்குக் கீழே போகாமல் பாருங்கள். எடுத்து வைக்கும்போது 3.8. சார்ஜ் 1 சி, அதாவது உங்கள் 2200 எம்ஏஎச் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர். எப்போதும் பேலன்ஸ் முறையில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், எரியாத தரையில். வீங்கிய பேட்டரியைப் பறக்கவிடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

மேசையில் எதைச் சோதித்தாலும் முதலில் ப்ராப்பைக் கழற்றுங்கள். 10 அங்குல ப்ராப் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகிறது. என் வலது ஆள்காட்டி விரலில் ஏழு தையல் இருக்கிறது. சர்வோ திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முழங்கை த்ராட்டிலில் பட்டது.

#15 சிறகுமுளைத்தவன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

கேஎஃப்எம்2 இறக்கை, டைஹெட்ரல், 3 சேனல். வாலில் காகிதம் உரித்தாயிற்று, ஈரத் துணி வேலை செய்தது. க்ளூ குச்சி ஒன்றரை. பெயின்ட் இல்லை, கீழே இரண்டு கறுப்புப் பட்டை. மோட்டாருக்கு வைத்திருந்த காசில் 3 செல் 1300 எம்ஏஎச் பேட்டரி ஒன்று, 10×4.5 ப்ராப் மூன்று வாங்கினேன். பேட்டரி 112 கிராம்தான்.

மொத்த எடை 612 கிராம்! மூன்று தடவை தராசில் வைத்துப் பார்த்தேன். சிமுலேட்டரில் பதினொரு மணி நேரம் ஆகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீசப்போகிறேன்.

#16 வாட்மீட்டர்

அருமை தம்பி. பேட்டரியில் 68 கிராம் குறைத்திருக்கிறீர்கள், அது மூக்கிலிருந்து போன எடை. சமநிலையைப் பார்த்தீர்களா?

#17 சிறகுமுளைத்தவன்

இப்போதுதான் பார்த்தேன். 7.5 செ.மீ. நீங்கள் கேட்காவிட்டால் அப்படியே எடுத்துக்கொண்டு போயிருப்பேன். மூக்கில் காசு ஒட்டட்டுமா?

#18 ஃபோம்காரன்

வேண்டாம், கஷ்டப்பட்டுக் குறைத்த எடையைத் திரும்ப ஏற்றாதீர்கள். மூக்கை நீட்டுங்கள். மோட்டார் பொருத்திய முன்சுவரை வெட்டி எடுத்து, 5, 6 செ.மீ. பெட்டி ஒன்று சேர்த்து, பேட்டரியையும் ஈஎஸ்சியையும் அதற்குள் தள்ளுங்கள். ஒரு மாலை வேலை. பேட்டரிக்கு அடியில் ஒட்டும் பட்டையை நீளமாகப் போட்டால் முன்னும் பின்னும் நகர்த்திச் சரியாக 5.5 செ.மீ.க்குக் கொண்டுவரலாம். கிடைத்ததும் அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் பேட்டரி அந்தக் கோட்டில் உட்கார வேண்டும்.

#19 பால்சாதாத்தா

ஞாயிற்றுக்கிழமைக்கு என் பங்கு. மனிதர், சாலை, மின்கம்பி, விமானத் தளம் எதுவும் அருகில் இல்லாத இடமாகப் பாருங்கள். உங்கள் ஊர் விதி எத்தனை உயரம் அனுமதிக்கிறது, பதிவு வேண்டுமா என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். காற்று 10 கி.மீ.க்கு மேல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். விமானம் எங்கேயும் போகாது.

மோட்டார் இல்லாமல் உயரமான புல்லின் மேல் இரண்டு முறை மெல்லத் தள்ளிவிட்டுப் பாருங்கள். நேராகச் சறுக்க வேண்டும். பிறகு முக்கால் த்ராட்டில், காற்றுக்கு எதிராக, மட்டமாக வீசுங்கள். மேல்நோக்கி வீசாதீர்கள், எல்லோருக்கும் கை தானாக மேலே போகும். விட்டதும் எலிவேட்டரை இழுக்காதீர்கள். விமானம் வேகம் பிடிக்கட்டும். நன்றாக உயரம் ஏறிய பிறகுதான் முதல் திருப்பம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

#20 தாழப்பறப்பவள்

நேரக் கணக்கு: 1300இல் 80 சதவீதம் பயன்படுத்தினால் 1040 எம்ஏஎச். சராசரி 6 ஆம்பியரில் ஓட்டினால் பத்து நிமிடம். டைமரை ஏழு நிமிடத்துக்கு வைத்துவிட்டு இறங்கத் தொடங்குங்கள், முதல் இறக்கத்துக்கு இரண்டு மூன்று முறை சுற்றி வர வேண்டியிருக்கும்.

#21 சிறகுமுளைத்தவன்

பறந்தது. ஆறு நிமிடம் நாற்பது விநாடி!

கையை விட்டதும் ஒரு கணம் தாழ்ந்தது, எலிவேட்டரை இழுக்கத் துடித்தேன், ஐயா சொன்னது நினைவு வந்தது, விட்டுவிட்டேன். புல் நுனிக்கு ஒரு அடி மேலே போய், அப்படியே மெல்ல ஏறியது. என் தங்கை கையில் கைபேசியோடு நின்றவள், படம் எடுக்க மறந்து கத்திக்கொண்டே ஓடினாள். நான் மூச்சு விட்டேனா என்றே தெரியவில்லை. நாலு சுற்று சுற்றியபின்தான் தோள் தளர்ந்தது. இறங்கும்போது த்ராட்டிலை மூடினேன், அது தானாகச் சறுக்கிப் புல்லில் வயிற்றை வைத்து நின்றது. ஒரு கீறல் இல்லை. ப்ராப்கூட முழுசாக இருக்கிறது.

ஒரு கேள்வி. த்ராட்டில் கொடுத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் வளைகிறது. மூடினால் நேராகச் சறுக்குகிறது. ரடர் ட்ரிம் நாலு கிளிக் வலப்பக்கம் வைத்தேன், அப்போது சறுக்கும்போது வலப்பக்கம் போகிறது. எதைத் திருத்துவது?

#22 வாட்மீட்டர்

வாழ்த்துகள் தம்பி! இதைப் படிக்க எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

ட்ரிம்மைத் திரும்ப நடுவில் வையுங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் வருகிறது, மூடினால் போய்விடுகிறது என்றால் குறை மோட்டாரின் கோணத்தில் இருக்கிறது, ரடரில் இல்லை. விமானத்தின் பின்னாலிருந்து பாருங்கள். மோட்டார் மவுண்டின் இடப்பக்கத் திருகுகளுக்கு அடியில் ஒரு வாஷர், மேல்பக்கத் திருகுகளுக்கு அடியில் ஒரு வாஷர். மேல் இடது மூலைக்கு இரண்டு வரும். மோட்டார் கொஞ்சம் வலப்பக்கமும் கீழேயும் பார்க்கும். துளைகளுக்கு நடுவே 3 செ.மீ. இருந்தால் 1 மி.மீ. வாஷர் ஒன்று ஏறக்குறைய 2 டிகிரி கொடுக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

#23 சிறகுமுளைத்தவன்

வாஷர் போட்டேன் அண்ணா. இன்று மாலை மூன்று பேட்டரி சார்ஜ் தீரும்வரை பறந்தேன். முழு த்ராட்டிலில் கோடு போட்டதுபோல நேராக ஏறுகிறது. பழைய 940 கிராம் விமானத்திலிருந்து கழற்றிய இரண்டு சர்வோ சும்மா கிடக்கிறது. எய்லெரான் இறக்கை ஒன்று தனியாக வெட்டி, இதே உடம்பில் மாட்டினால் ஈர்ப்பு மையம் அதே 5.5லேயே வைக்கலாமா?

#24 தாழப்பறப்பவள்

இறக்கையின் அகலமும் இடமும் மாறாவிட்டால் அதே 5.5தான். சர்வோ ஏறிய பிறகு பேட்டரியை நகர்த்தி மறுபடி அளந்துகொள்ளுங்கள், பேனாக் கோடு மாறும். டைஹெட்ரலைப் பாதியாகக் குறையுங்கள், முழுதாக எடுக்காதீர்கள். எய்லெரான் மேலே போகும் அளவைவிடக் கீழே வரும் அளவைக் குறைவாக வையுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். எக்ஸ்போ, அதாவது குச்சி நடுவில் இருக்கும்போது அசைவை மென்மையாக்கும் அமைப்பு, 30 சதவீதம். வெட்டுவதற்கு முன் வரைபடத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.